பொம்பரிப்பு முதல் இப்பன்கட்டுவ வரை: இலங்கையின் தொல் ஈமக்காடுகள்

இறந்தோரைப் புதைத்த இடத்தின் மேல் மண்ணையோ கல்லையோ குவித்து அடையாளமிடும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் தனித்தனியே தோன்றியது. ஜப்பானில் அது நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுள்ள செயற்கைக் குன்றாயிற்று; அயர்லாந்தில் கல்லறைக்குள் நுழையும் நடைபாதை கொண்ட மேடாயிற்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது பெரும்பாலும் அடக்கமான உருவில் நின்றுவிட்டது. தாழியைக் குழியில் இறக்கி மூடிய நிலம், நான்கு பலகைக் கற்களால் அமைத்த பெட்டி, அதன் மேல் சிறு கற்குவியல், சில இடங்களில் குடியிருப்போடு சேர்ந்து உயர்ந்த மண்மேடு. இவற்றை அமைத்தவர்களின் காலம் பெருங்கற்காலம் என்றும் ஆதி இரும்புக்காலம் என்றும் அழைக்கப்படுகிறது. இலங்கையில் இதன் தொடக்கம், அனுராதபுரத்தின் ஆழ்ந்த மண்ணடுக்குகளைக் கொண்டு, கி.மு. 900 அளவில் வைக்கப்படுகிறது. கல்வெட்டுகள் தோன்றுவதற்குச் சில நூற்றாண்டுகள் முந்திய காலம் அது. அக்கால மக்கள் தம்மைப் பற்றி எழுதி வைக்கவில்லை. எனவே அவர்களின் இடுகாடுகளே அவர்களைப் பற்றிய முதன்மைச் சான்று.

இவ்வகை ஈமக்காடுகளுள் பரப்பிலும் எண்ணிக்கையிலும் முன்னிற்பது பொம்பரிப்பு. புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயா கடலை நெருங்கும் காட்டில், வில்பத்து தேசிய பூங்காவின் எல்லைக்குள் அது உள்ளது. தொல்லியல் ஆணையாளராக இருந்த ஏ. எம். ஹோகார்ட் 1924இல் அங்கு முதல் அகழ்வை நடத்தினார். கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளர் பி. ஈ. பி. தெரணியகல 1956-57இல் மீண்டும் தோண்டினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையைச் சேர்ந்த விமலா பெக்லி தொல்லியல் திணைக்களத்துடன் சேர்ந்து முறையான அகழ்வை மேற்கொண்டார். சில ஏக்கர் நிலத்துக்குள் சுமார் 8,000 தாழிகள் இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு அந்த ஆய்விலிருந்து வந்தது. ஒரே தாழிக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்ததால், அங்கு அடக்கம் பெற்றவர்களின் தொகை தாழிகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதல்.

பொம்பரிப்பின் தாழிகளில் முழு உடல்கள் இல்லை. இறந்தவரின் உடலை முதலில் வெளியில் விட்டோ வேறிடத்தில் புதைத்தோ தசை அழிந்த பின், மண்டையோடு, நீண்ட எலும்புகள் எனத் தேர்ந்தெடுத்துச் சேகரித்துத் தாழியில் இட்டிருக்கின்றனர். இதை இரண்டாம்நிலை அடக்கம் என்பர். சாவுக்கும் இறுதி அடக்கத்துக்கும் இடையே மாதங்களோ ஆண்டுகளோ கடந்திருக்கலாம். அதற்கிடையில் உறவினர் இறந்தால் அவருக்கும் அதே தாழியில் இடம் கிடைத்திருக்கும். எலும்புகளோடு சிறு மண்கலங்கள், இரும்புப் பொருள்கள், வெண்கல வளையல்கள், அஞ்சனக்கோல், மணிகள் முதலியவை வைக்கப்பட்டன. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த மணிமேகலைக் காப்பியம், எரித்தல், வெளியில் இட்டுவிடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐந்து வழக்கங்கள் ஒரே நகரின் சுடுகாட்டில் அருகருகே நடந்ததைக் குறிப்பிடுகிறது. அகழ்வுகளும் ஏறத்தாழ அதே கலவையைக் காட்டுகின்றன. ஒரு சமூகம் ஒரே முறையைத்தான் பின்பற்றியிருக்கும் என்று கொள்வதற்கு இடமில்லை.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர் பொம்பரிப்புக்கு மிக நெருங்கிய உறவுடையது. தாழியின் வடிவிலும் அடக்க முறையிலும் உள்ள ஒப்புமையைப் பெக்லி உட்படப் பலர் சுட்டியுள்ளனர். பாதுகாப்பு என்ற நோக்கில் ஆதிச்சநல்லூரின் கதை கசப்பானது. 1876இல் அங்கு தோண்டிய ஜெர்மானியரான யாகோர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. 1899க்கும் 1905க்கும் இடையில் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. எந்தப் பொருள் எந்தத் தாழியில், எந்த எலும்பின் அருகில் இருந்தது என்ற தொடர்பு பெரும்பாலும் அறுந்துபோயிற்று. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டி 160க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டபோதுதான், 114 ஏக்கர் பரம்பின் அடுக்குகளை ஒழுங்காக வாசிக்க முடிந்தது.

ஈமக்காடு ஒன்றின் அறிவியல் மதிப்பு அதில் உள்ள பொருள்களின் விலையில் இல்லை. அவை கிடக்கும் நிலையில் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள ஒரு சாதாரண மண்கலமே போதும். இந்தத் தாழிகளோடு கிடைக்கும் கறுப்பு-சிவப்புக் கலங்களின் வெளிப்புறம் சிவப்பாகவும் உட்புறமும் வாய்விளிம்பும் கறுப்பாகவும் இருக்கும். இரண்டு நிறங்களும் பூச்சல்ல. கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, வெளியே காற்றுப்படும் பகுதியில் களிமண்ணின் இரும்புச் சத்து ஒட்சிசனோடு சேர்ந்து சிவக்கிறது. உள்ளேயும், சாம்பலுக்குள் புதைந்த விளிம்பிலும் ஒட்சிசன் எட்டாமல் கரி படிந்து கறுக்கிறது. இவ்வளவையும் ஓர் உடைந்த ஓட்டிலிருந்தே அறியலாம். ஆனால் அந்தக் கலம் யாருடைய எலும்போடு வைக்கப்பட்டது, அதனுள் என்ன இருந்தது, பக்கத்துத் தாழியில் அதே குறியீடு கீறிய இன்னொரு கலம் உண்டா என்பவற்றை அது இருந்த குழி மட்டுமே சொல்லும். குழியைக் குழப்பிவிட்டால் மிஞ்சுவது பழைய சட்டி.

எலும்புகள் அதைவிட அதிகம் சொல்லும். பல்லின் தேய்மானம் உணவின் கரடுமுரடைக் காட்டும். சொத்தைப் பல் மாப்பொருள் உணவு பெருகியதைக் காட்டும். பல்லின் எனாமலில் உள்ள ஸ்ட்ரோன்சியம் ஓரிடத்தான்களின் விகிதம், அவர் குழந்தைப் பருவத்தில் குடித்த நீரும் உண்ட தானியமும் எந்தப் பாறைப் பகுதியைச் சேர்ந்தவை என்று உணர்த்தும். எரிந்த எலும்பின் நிறம் தீயின் வெப்பத்தைக் கூறும்: குறைந்த வெப்பத்தில் கறுப்பும் நீலச்சாம்பலும், சுமார் 800 பாகை செல்சியசைத் தாண்டும்போது வெண்மை. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் மரபணு விரைவில் சிதையும். அமிலத் தன்மையுள்ள மண்ணில் எலும்பே கரைந்துவிடும். ஆகவே எலும்பு தப்பிய ஒவ்வோர் இடமும் அரிய இடம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் படுகை அந்த வகையில் ஒரு நற்பேறு. அமிலத்தை நடுநிலையாக்கும் அந்த மண் எலும்பைக் காக்கிறது.

ஆனைக்கோட்டையில் அதுவே நடந்தது. யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே சில கிலோமீற்றர் தொலைவில் கரையாம்பிட்டி என்ற மேடு மண்ணுக்காக வெட்டப்பட்டுவந்த வேளையில் அதன் பழமை கண்டறியப்பட்டது. 1980-81இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கா. இந்திரபாலா தலைமையிலான குழுவும் பொன்னம்பலம் ரகுபதியும் அங்கு ஆய்வு நடத்தினர். தாழியல்லாமல் நேரே மண்ணில் நீட்டிக் கிடத்திப் புதைத்த எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றின் அருகே வைத்த கலங்களோடு வெண்கல முத்திரை ஒன்று கிடைத்தது. அதன் மேல்வரியில் பெருங்கற்காலக் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துகளும் உள்ளன. கோவேத என்றும் அதை ஒட்டியும் அது வாசிக்கப்பட்டுள்ளது. எழுத்தறியாத காலத்தின் குறியீடும் புதிதாக வந்த எழுத்தும் ஒரே சிறு உலோகத் துண்டில் சந்திக்கும் அரிய சான்று அது. சில வண்டி மண் கூடுதலாக ஏற்றப்பட்டிருந்தால் அந்த முத்திரை ஏதோவொரு தாழ்நிலத்தை நிரப்பியிருக்கும்.

மூன்றாவது வகை தம்புள்ளைக்கு அருகில் உள்ள இப்பன்கட்டுவவில் உள்ளது. 1970இல் அறியப்பட்ட அந்த இடம் 1983-84இலும், பின்னர் 1988-90இல் பட்டப்பின் தொல்லியல் நிறுவகமும் ஜெர்மானியத் தொல்லியலாளரும் சேர்ந்தும், 2015இலும் அகழப்பட்டது. நான்கு பக்கமும் கற்பலகை நட்டு, மேலே ஒரு பலகையால் மூடிய பெட்டிகள் கொத்துக் கொத்தாக அமைந்துள்ளன. இவற்றைக் கற்பதுக்கை என்பர். உள்ளே எரிந்த எலும்பும் சாம்பலும் இட்ட தாழிகளும், சுற்றிலும் படையல் கலங்களும் இருந்தன. சூதுபவள மணிகள் சில அடக்கங்களில் கிடைத்தன. அக்காலத்தில் சூதுபவளத்தின் பேரூற்று குஜராத். உள்நாட்டில், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி வாழ்ந்த ஒரு வேளாண் சமூகத்தின் இடுகாட்டுக்கு அந்த மணி கைமாறி வந்திருக்கிறது. கதிரவெளியின் கற்பதுக்கைகள், கேகாலை மாவட்டத்துப் பதவிகம்பொலவின் கல்திட்டை, குருநாகல் மாவட்டத்துப் பின்வெவ என இந்த மரபு தீவின் பல திசைகளிலும் பரவிக் கிடக்கிறது.

இப்பன்கட்டுவவின் காலம் பொதுவாகக் கி.மு. 700க்கும் 400க்கும் இடைப்பட்டது எனப்படுகிறது. இவ்வளவு அகலமான வரம்பு ஆய்வாளரின் கவனக்குறைவால் வந்ததல்ல. கரியில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கும்போது, அந்தந்த ஆண்டில் வளிமண்டலத்தில் இருந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கி.மு. 800 முதல் 400 வரை அந்தத் திருத்தக் கோடு ஏறத்தாழத் தட்டையாக ஓடுகிறது. கி.மு. 750ஐச் சேர்ந்த கரியும் கி.மு. 450ஐச் சேர்ந்த கரியும் ஆய்வுகூடத்தில் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தருகின்றன. இலங்கையின் ஆதி இரும்புக்காலத்தின் பெரும்பகுதி துரதிர்ஷ்டவசமாக இந்தத் தட்டைக்குள் விழுகிறது. இதிலிருந்து மீள உள்ள வழிகள், மேலடுக்கு கீழடுக்கு என்ற வரிசை குலையாமல் எடுத்த பல மாதிரிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதும், மணற்பரல் கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணிக்கும் ஒளிர்வு முறையைத் துணைக்கு அழைப்பதும். இரண்டுக்கும் கலையாத மண் வேண்டும். ஒரு மாலை நேரத்தில் மண்வெட்டியால் புரட்டிய குழியிலிருந்து இந்த நூற்றாண்டுக் கருவி எதுவும் காலத்தை மீட்டுத் தராது.

இத்தகைய நிலங்கள் ஏன் இவ்வளவு எளிதில் அழிகின்றன என்பதற்கும் அந்தப் பழைய மக்களின் தேர்வே ஒரு காரணம். அவர்களின் ஊர் பெரும்பாலும் நான்கு உறுப்புகளைக் கொண்டது: குடியிருப்பு, வயல், குளம் அல்லது ஆறு, இடுகாடு. நல்ல வயல்மண்ணை இறந்தோருக்கு அவர்கள் கொடுக்கவில்லை. ஆற்றையோ குளத்தையோ ஒட்டிய, விளைச்சலுக்கு உதவாத கிரவல் மேட்டைத் தேர்ந்தார்கள். இன்று வீதி போடவும் வீட்டுக்கு அத்திவாரம் நிரப்பவும் தேடப்படுவது அதே கிரவல். குளக்கட்டை உயர்த்தும்போதும் வாய்க்கால் வெட்டும்போதும் பெக்கோ இயந்திரம் இறங்குவதும் அதே மேட்டில். தாது கோபம் என்றால் தொலைவிலேயே தெரியும்; சிலை என்றால் எவரும் தயங்குவர். தாழிக்காடு வெறும் காணியாகவே கண்ணுக்குப் படும். பாதுகாப்புப் பட்டியல்களில் கட்டடங்கள் நிறைந்திருப்பதும் மண்ணுக்குள் கிடப்பவை பின்தங்குவதும் இதனால்தான். மாற்ற வேண்டிய முதற் குறை இதுவே.

புதையல் தோண்டுவோர் இன்னொரு கேடு. கல்மூடியைக் கண்டால் அதன் கீழ் பொன் இருக்கும் என்ற நம்பிக்கையில் இரவில் பூசையிட்டுக் குழி பறிப்பது இலங்கையில் அடிக்கடி பொலிஸாரிடம் வரும் குற்றம். இந்த அடக்கங்களில் தங்கம் மிக அரிது. தோண்டுவோருக்குக் கிடைப்பது ஓடும் துருவும் எலும்புத் தூளும். ஆய்வுக்கு இழப்பு முழுமையானது.

சட்டத்தில் குறைவில்லை. தொல்லியல் திணைக்களம் 1890இல் தொடங்கியது. இன்றும் நடைமுறையில் உள்ள அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம். உரிமையாளர் இல்லாமல் நிலத்துக்குள் மறைந்துகிடக்கும் தொல்பொருள் அரசுக்குரியது என்பதையும், அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் தொல்பொருள் தேடி அகழக்கூடாது என்பதையும், தற்செயலாகக் கண்டெடுப்பவர் அறிவிக்க வேண்டும் என்பதையும் அது விதித்தது. நிலத்தின் சொந்தக்காரருக்கும் இது பொருந்தும்; காணி உறுதி கையில் இருப்பதால் அடியில் உள்ள தாழி அவருடையதாகிவிடாது. 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியதோடு, குறிக்கப்பட்ட அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன் தொல்லியல் தாக்க மதிப்பீடு நடத்தப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. அதற்குரிய விதிகள் 2000இல் வர்த்தமானியில் வெளியாயின. இயந்திரம் வருவதற்கு முன் ஆய்வாளர் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும் என்பதே இதன் சாரம். பெரிய வீதியும் நீர்த்தேக்கமும் இந்த வலைக்குள் அகப்படுகின்றன. கிரவல் ஏற்றும் சிறு குழியும் தனியார் காணியைச் சமப்படுத்தலும் எளிதில் நழுவிவிடுகின்றன. ஒரு தாழிக்காட்டை அழிக்க அந்தச் சிறு குழி போதும்.

பொம்பரிப்பு பெருமளவு கலையாமல் இருப்பதற்குத் தொல்பொருள் சட்டத்தைவிட வனவிலங்குச் சட்டமே கூடுதலாக உதவியது எனலாம். 1938இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட வில்பத்துவில் குடியேற்றமும் உழவும் இல்லை. போர்க்காலத்தில் பூங்காவே நெடுங்காலம் மூடிக்கிடந்தது. காட்டின் மறைப்புக்கும் ஒரு விலை உண்டு. மரவேர் தாழியைப் பிளக்கும், கறையானும் எலியும் அடுக்குகளைக் கலக்கும், கண்காணிப்பு இல்லாத இடத்தில் தோண்டுவோரும் காணப்படமாட்டார்கள். இப்பன்கட்டுவவில் இதற்கு நேர்மாறான வழி எடுக்கப்பட்டது. அகழ்ந்த கல்லறைகளைத் திறந்தபடி விட்டு, மேலே கூரையமைத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தனர். உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1991இல் இடம்பெற்ற தம்புள்ளைக் குகை விகாரை அண்மையில் இருப்பதால் பயணிகள் இங்கும் வர வாய்ப்புண்டு. திறந்துவைத்த கல்லறை ஓய்வற்ற பராமரிப்பைக் கேட்கும். கூரை மழையைத் தடுக்கும்; நிலத்தடி ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பு படிகமாகி மட்கல ஓட்டை உதிர்ப்பதைத் தடுக்காது. ஆதிச்சநல்லூரிலும் 2023 ஆகஸ்டில் அகழ்வுக் குழிகளின் மேல் கண்ணாடித் தளமிட்ட களக் காட்சியகம் திறக்கப்பட்டது. கண்ணாடியின் கீழ் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைப்பதே அங்கும் நாளாந்தச் சவால்.

அகழ்ந்த குழியை மணலிட்டு மீண்டும் மூடிவிடுவது பார்வைக்கு ஏமாற்றமளித்தாலும் பல வேளைகளில் அதுவே சிறந்த பாதுகாப்பு. வெப்பமும் ஈரமும் மாறாத இருளில்தான் அந்தப் பொருள்கள் 2,500 ஆண்டுகள் தாங்கின. 1990இல் லோசானில் கூடிய, நினைவுச்சின்னங்களுக்கும் தலங்களுக்குமான சர்வதேசப் பேரவையான இக்கோமொஸின் பொதுச்சபை ஏற்ற தொல்லியல் மரபுரிமைச் சாசனம், இருந்த இடத்திலேயே காப்பதையே முதல் இலக்காக வைத்தது. அகழ்வு தன் சான்றையே அழித்து அறிவைப் பெறும் செயல் என்பதால், தோண்டுவதற்குத் தக்க காரணம் வேண்டும் என்றது. அதே ஆண்டு அந்த அமைப்பின் தலைவரானவர் இலங்கைத் தொல்லியலாளர் ரோலண்ட் சில்வா என்பது இங்கு நினைக்கத்தக்கது. நிலத்தைக் கிளறாமல் அடியில் உள்ளதை அறிய இன்று வழிகள் உண்டு. தரை ஊடுருவும் ராடார் கற்பலகையையும் வெற்றிடத்தையும் பிரித்துக் காட்டும். மின்தடை அளவீடு குழி வெட்டி நிரப்பிய தளர்ந்த மண்ணைக் காட்டும். வானிலிருந்து பாய்ச்சும் லேசர்க் கதிர் காட்டு மரங்களின் இடைவெளியூடே தாழ்ந்த மேடுகளை வரைந்து தரும். வில்பத்து போன்ற காட்டுக்கு இவை மிகப் பொருத்தமானவை.

2019இல் பாக்குவில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு ஒரே அமர்வில் இவ்வகை இடங்கள் மூன்றைப் பட்டியலில் சேர்த்தது. பஹ்ரைனின் தில்முன் ஈமமேடுகள் 21 தொகுதிகளில் 11,774 எண்ணிக்கையில் உள்ளன, கி.மு. 2200க்கும் 1750க்கும் இடையில் எழுந்தவை. நகரம் விரிந்தபோது பெருந்தொகை மேடுகள் அழிந்துபோக எஞ்சியவை இவை. ஜப்பானின் மொசு-புருயிச்சி மேடுகளுள் பெரியதான தைசென் 486 மீற்றர் நீளமுள்ளது. அரச குடும்பத்தின் கல்லறை எனக் கருதப்படுவதால் அங்கு அகழ்வுக்கு இடமில்லை. லாவோஸின் சியாங் குவாங் பகுதியில் ஈமச்சடங்கோடு தொடர்புடைய 1,325 கற்சாடிகள் 15 இடங்களில் உள்ளன. போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளை அகற்றிய பின்னரே ஆய்வாளரும் பயணிகளும் அங்கு நடக்க முடிந்தது. கண்ணிவெடி அகற்றிய நிலத்தில் தொல்லியல் தேடும் வடக்கு இலங்கைக்கு லாவோஸின் அனுபவம் நேரடியாகப் பயன்படும். இலங்கையின் எட்டு உலகப் பாரம்பரியத் தலங்களுள் ஈமக்காட்டுக்கென எதுவும் இல்லை.

இந்தக் கல்லறைகள் எந்த இனத்தாருடையவை என்ற கேள்வி இலங்கையில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. மட்கலம் மொழி பேசாது. கறுப்பு-சிவப்புக் கலம் வைகைக் கரையிலும் கலா ஓயாக் கரையிலும் ஒருசேரக் கிடைக்கிறது. சான்று காட்டுவது, பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இரும்பும் நெல்லும் குளமும் தாழியும் அறிந்த மக்கள் நெருங்கிய தொடர்போடு வாழ்ந்தனர் என்பதையே. இன்றைய பெயர்களை அவர்கள் மேல் ஒட்டும் அவசரம் ஓர் இடத்தைக் காப்பதற்குத் துணைபுரிவதில்லை. ஒரு சாரார் உரிமை கொண்டாடும் இடத்தை இன்னொரு சாரார் அலட்சியம் செய்யவே அது வழிவகுக்கிறது.

பொம்பரிப்பில் 1956-57 அகழ்வை நடத்திய தேசிய நூதனசாலை கொழும்பு 7இல் 1877 முதல் இயங்கிவருகிறது. தொல்லியல் திணைக்களத்தின் தலைமையகமும் அதன் அயலில் உள்ளது. காணி வெட்டும்போது தடித்த வளைந்த ஓடோ, நட்ட கற்பலகையோ, ஓட்டுக்குள் எலும்போ தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்திப் பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், தொல்லியல் திணைக்களம் ஆகியவற்றுள் ஒன்றுக்கு உடனே அறிவிக்க வேண்டும். தாழியை வெளியே எடுக்கவோ கழுவவோ உள்ளே உள்ள மண்ணைக் கொட்டவோ கூடாது. அந்த மண்ணில்தான் நெல் உமியும் கரியும் மகரந்தமும் இருக்கும். கண்ட இடத்தை நாற்புறமும் அடையாளமிட்டு, ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, மழை விழாதபடி மூடிவைத்தால், வரும் ஆய்வாளருக்குத் தேவையானவற்றுள் பெரும்பகுதி கிடைத்துவிடும்.